மூன்று முறை கூப்பிட்டேன்

கேட்கிறவர்களே, உங்களிடம் ஒன்று கேட்கிறேன். இந்த நிமிடமே உங்கள் பெயர் வாசலில் கூப்பிடப்பட்டால், "இதோ இருக்கிறேன்" என்று எழுந்து நிற்க உங்களால் முடியுமா?

அவசரப்பட்டுப் பதில் சொல்ல வேண்டாம். ஞானாபரணம் அவசரப்பட்டார்.

"அம்மா, நியாயத்தீர்ப்பு நாளுக்கு என்னை ஆயத்தப்படுத்திட்டேன். இன்னும் ஏதும் குறை இருந்தாச் சொல்லுங்க" என்றார்.

ராகேலம்மாள் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார். தலை நிமிரவில்லை.

தேரிச் செம்மணல் மேட்டின் ஓரத்தில், ஊர்ச் சபைக் கோயிலுக்கு ஒரு மைல் தள்ளி, ஓலை வேய்ந்த ஜெபவீடு ஒன்றில் அவர் தனியே இருந்தார். இருபது வருடம் ஊர் ஊராக நடந்து பெண்களுக்கு வேதம் சொல்லிக்கொடுத்தவர். வயது ஐம்பதுகூட நிறையவில்லை. ஞானாபரணத்துக்கு அறுபத்தாறு. ஆனாலும் மனசுக்குள் முள் தைத்தவர்கள் வயது பார்க்காமல் அந்த அம்மாளிடம்தான் வருவார்கள்.

ஞானாபரணம் தம் ஆயத்தங்களைச் சொன்னார்.

வேதாகமத்தை ஆதியாகமம் தொடங்கி ஐந்து முறை வாசித்து முடித்திருந்தார். ஈஸ்டருக்கு முந்திய லெந்து நோன்புக் காலம் நாற்பது நாளும் ஒருவேளைச் சாப்பாடு. கல்லறைத் தோட்டத்தில் மனைவிக்குப் பக்கத்தில் இடம் குறித்தாயிற்று. உடுத்திப் படுக்க வெள்ளை வேட்டியும் சட்டையும் பாச்சை உருண்டை போட்டுப் பெட்டியில் இருந்தன. அடக்க ஆராதனையில் எந்த ஞானப்பாட்டு முதலில், எது கடைசியில் என்று எண் போட்டு எழுதி, மகளிடம் கொடுத்திருந்தார்.

ராகேலம்மாள் ஒரு கிளையை உருவி முடித்துக் காம்பைத் தூரப் போட்டார். முன்பு என்ன வேலை பார்த்தீர்கள் என்று கேட்டார்.

கோர்ட்டில் டவாலி என்றார் ஞானாபரணம். முப்பத்தொரு வருடம். மார்பின் குறுக்கே சிவப்புப் பட்டை, பித்தளை வில்லை. நீதிபதி வந்து உட்கார்ந்ததும் வாசலில் நின்று, வெளியே வளாகத்தைப் பார்த்து, வழக்காளியின் பெயரை மூன்று முறை கூப்பிட வேண்டும். மூன்றாவது முறைக்கும் ஆள் வராவிட்டால் 'ஆஜரில்லை' என்று எழுதி, வந்தவர் பக்கமே தீர்ப்புச் சொல்லிவிடுவார்கள்.

"ஒரு பேரைக் கூப்பிடுங்க. கேப்போம்."

ஞானாபரணம் எழுந்து வாசற்படியில் நின்றார். தொண்டையைச் செருமினார்.

"வேலாயுதம்... வேலாயுதம்... வேலாயுதம்..."

குரல் மணல்மேட்டைத் தாண்டிப் போய்ப் பனங்காட்டில் மோதித் திரும்பியது. கொக்கு இரண்டு பறந்தன. தூரத்துப் பனையில் பதநீர் இறக்கிக்கொண்டிருந்தவர், வேலாயுதம் சந்தைக்குப் போயிருக்கிறான், பொழுது சாயத்தான் வருவான் என்று உச்சியிலிருந்தே பதில் கொடுத்தார்.

ஞானாபரணத்துக்குச் சிரிப்பு வந்தது. அந்தக் காலத்தில் வக்கீல் குமாஸ்தாக்கள் அவரைக் கேலி செய்வார்களாம்: "அண்ணாச்சி கூப்பிட்டாக் கல்லறையில கிடக்கிறவனும் வேட்டியைக் கட்டிக்கிட்டு எந்திரிச்சி வருவான்." அதையும் சொல்லிக்காட்டினார்.

ராகேலம்மாளும் சிரித்தார். பிறகு ஒரு வேலை கொடுத்தார்.

தினமும் காலையில் இந்தப் படியில் நின்று, கூப்பிட்டும் வராமல் போனவர்களின் பெயர்களை மட்டும் மறுபடியும் கூப்பிட வேண்டும். நினைவில் இருக்கிற எல்லாப் பெயரையும். அதற்குப் பிறகு குறை இருக்கிறதா என்று பார்க்கலாம்.

இவ்வளவுதானா என்று நினைத்தார் ஞானாபரணம். உபவாசத்தைவிட இது சுலபம்.

மறுநாள் தொடங்கினார். டீக்கடையில் உட்கார்ந்து வழக்கைக் கோட்டைவிட்டவன். வாய்தாவுக்கு வரும் வழியில் பஸ் கவிழ்ந்து ஆஸ்பத்திரியில் கிடந்தவன். வழக்கு நடக்கும்போதே எதிராளியின் மகளைக் கூட்டிக்கொண்டு ஓடிப்போனவன். ஒவ்வொரு பெயருக்கும் ஒரு கதை இருந்தது. ராகேலம்மாள் அடுப்படியிலிருந்தே கேட்டுக்கொண்டிருப்பார்.

ஆறு நாள் கூப்பிட்டார்.

ஆறாம் நாள், எல்லாரும் ஆயிற்றா என்று ராகேலம்மாள் கேட்டார். ஆயிற்று என்றார் ஞானாபரணம்.

அன்று அவர் வீட்டுக்குப் போகும்போது மணலில் கால் புதைந்து புதைந்து வந்தது. போன ஐந்து நாளும் அப்படிப் புதைந்ததில்லை.

ஏழாம் நாளும் வந்தார். யாரும் வரச் சொல்லவில்லை. படியில் நின்றார். ஒரு பெயரை முணுமுணுத்தார்.

"என்ன பேரு சொன்னீங்க?" என்று உள்ளேயிருந்து கேட்டது.

மறுபடியும் சொன்னார்.

"அடுப்படிக்குக் கேக்கலையே, அண்ணாச்சி."

மூன்றாம் முறை அவருடைய உதடு மட்டுமே அசைந்தது. அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார்.

ராகேலம்மாள் கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தார். பக்கத்தில் உட்காரவில்லை. கதவுநிலையில் சாய்ந்து நின்றார்.

"ஞானப்பூ" என்றார் ஞானாபரணம்.

அதன்பின் சொன்னது முழுவதும் மணலைப் பார்த்துத்தான் சொன்னார்.

இருபத்திரண்டு வருடத்துக்கு முந்திய வழக்கு. ஞானப்பூ கைம்பெண். அவள் குடியிருந்த வீடும் மனையும் தமக்குச் சேர்ந்தது என்று சபை மூப்பர் வழக்குப் போட்டிருந்தார். அந்த மூப்பர் பள்ளிக்கூடத் தாளாளரும்கூட. ஞானாபரணத்தின் மகள் எப்சிபா ஆசிரியர் பயிற்சி முடித்து வீட்டில் இருந்த காலம் அது. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வெளியே வரும்போது மூப்பர் அவர் தோளில் கை வைத்து, பிள்ளைக்கு இடம் இருக்கிறது என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. காசு கைமாறவில்லை. இன்னது செய் என்று கேட்கவுமில்லை.

ஞானப்பூ ஒவ்வொரு வாய்தாவுக்கும் குடையைப் பிடித்துக்கொண்டு நடந்தே வருவாள். வளாகத்து வேப்பமரத்தடியில், டைப் அடிக்கிறவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பாள். மூப்பர் பேசியதற்கு அடுத்த வாய்தாவன்று அவளுடைய வக்கீல் வேறு கோர்ட்டில் இருந்தார். பேரைக் கூப்பிட்டால் உள்ளே போய்க் கையைக் கட்டி நின்றால் போதும், வாய்தா வாங்கிக்கொள்ளலாம் என்று குமாஸ்தா சொல்லியிருந்தார். அவள் காலையிலிருந்து தண்ணீர் குடிக்கக்கூட எழுந்து போகவில்லை.

வாசலில் நின்ற டவாலி வெளியே பார்க்கவில்லை. சுவரைப் பார்த்தார். சாப்பாட்டுக்கு முன்னால் ஜெபம் சொல்கிற குரலில், மூன்று முறை, ஞானப்பூ, ஞானப்பூ, ஞானப்பூ என்றார்.

சட்டம் மூன்று முறை என்றுதான் சொல்கிறது. எவ்வளவு சத்தம் என்று சொல்லவில்லை.

மத்தியானம் அவள் வாசலுக்கு வந்து, ஐயா என் பேரு எப்போ வரும் என்று கேட்டாள். வந்துவிட்டுப் போய்விட்டது என்றார்.

"நான் இங்கனதானே இருந்தேன்" என்றாள் ஞானப்பூ.

சண்டை போடவில்லை. அதை ஒரு சந்தேகம்போலக் கேட்டாள். பிறகு, இனி வழி ஏதும் உண்டா என்றாள். முப்பது நாளுக்குள் மனுப் போட்டு அந்தத் தீர்ப்பை நீக்கிக்கொள்ளலாம் என்று அவருக்குத் தெரியும். இல்லை என்றார்.

எப்சிபாவுக்கு அடுத்த மாதமே வேலை கிடைத்தது. இப்போது அந்தப் பள்ளிக்கு அவளே தலைமை ஆசிரியை.

பனங்காட்டில் காற்று ஓலைகளை உரசிக்கொண்டிருந்தது.

ஆண்டவரிடம் எத்தனையோ முறை அழுது அறிக்கை செய்துவிட்டேன் என்றார் ஞானாபரணம். அவர் மன்னித்துவிட்டார் என்றே நம்புகிறேன் என்றார்.

"வீடு போனது அவருக்கா, அண்ணாச்சி?" என்றார் ராகேலம்மாள்.

அவள் எங்கே இருக்கிறாள் என்று ராகேலம்மாள் கேட்டார். தெரியும் என்றார் அவர். ஆற்றுப் பாலத்துக்கு அப்பால் செங்கல் சூளைக்குப் பின்னால் ஒரு குடிசை. மூன்று மைல். பஸ்ஸில் போகும்போதெல்லாம் அந்தப் பக்கத்து ஜன்னலில் உட்காராமல் பார்த்துக்கொள்வார்.

"போய்க் கூப்பிடுங்க."

போகிறேன் என்றார். ஆனால் நோன்பைப் பாதியில் முறிக்க மனமில்லை. பாடுகளின் வாரம் நெருங்குகிறது. ஈஸ்டர் முடியட்டும், சுத்த மனசோடு போகிறேன். ராகேலம்மாள் அடுப்பில் பானை பொங்குகிற சத்தம் கேட்டு உள்ளே போய்விட்டார்.

அடுத்த வெள்ளிக்கிழமை வந்தது. குருத்தோலை ஞாயிற்றுக்கு முந்திய வெள்ளி, ஈஸ்டருக்கு இன்னும் ஒன்பது நாள்.

வெள்ளிதோறும் காலையில் ஜெபவீட்டுக்குப் பத்திருபது பேர் வருவது வழக்கம். வெளியே பூவரச மரத்தடியில் உட்கார்ந்திருப்பார்கள். ராகேலம்மாள் வாசலில் நின்று ஒவ்வொருவராகப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார். உள்ளே போகிறவருக்காகக் கதவைச் சாத்தித் தனியாக ஜெபிப்பார்.

அன்று ஞானாபரணம் எல்லாருக்கும் முன்னால் வந்து உட்கார்ந்தார்.

பிள்ளைக்குக் காய்ச்சல் என்று வந்தவள் உள்ளே போனாள். துபாயில் இருக்கிற மகன் பேசவில்லை என்று வந்தவர் போனார். கோயிலுக்கே போகாத மாடத்தி, ஆட்டுக்குச் சீக்கு என்று ஆட்டையும் இழுத்துக்கொண்டு வந்திருந்தாள். அவளையும் கூப்பிட்டார், ஆடும் போனது. மரத்தடியில் இருந்தவர்கள் சிரித்தார்கள்.

ஒருவர் பின் ஒருவராக எழுந்து போனார்கள். கடைசியில் ஞானாபரணம் மட்டும் இருந்தார்.

கதவு சாத்தியே இருந்தது.

காத்திருந்தார். மரநிழல் காலைவிட்டு விலகியது. எழுந்து போய்ச் சற்று நகர்ந்து உட்கார்ந்தார், கதவு திறந்தால் தெரியும்படி. தாகமாக இருந்தது. கிணற்றடிக்குப் போகலாம் என்று நினைத்தார். அந்த நேரம் பார்த்துக் கூப்பிட்டுவிட்டால் என்ன செய்வது என்று போகவில்லை.

வெயில் உச்சிக்கு வந்தபோது எழுந்து கதவைத் தட்டினார்.

ராகேலம்மாள் திறந்தார். முகத்தில் கோபமும் இல்லை, சிரிப்பும் இல்லை.

"உங்களை மூணு முறை கூப்பிட்டேன். நீங்க வரலை."

"எனக்குக் கேக்கலையே, அம்மா" என்றார் ஞானாபரணம். "நான் இங்கனதானே இருந்தேன்."

சொல்லிவிட்டு வாயை மூடினார். அது அவருடைய சொல் அல்ல. எவளோ ஒருத்தி வேப்பமரத்தடியிலிருந்து எழுந்து வந்து அவர் வாயால் பேசியது போலிருந்தது.

ராகேலம்மாள் மறுபடியும் கதவைச் சாத்தினார்.

ஞானாபரணம் வீட்டுக்குப் போகவில்லை. பஸ்ஸுக்கு நிற்கவில்லை. குடையை அங்கேயே போட்டுவிட்டு நடந்தார். பாலத்தைத் தாண்டும்போது ஓடினார். அறுபத்தாறு வயது மனிதர் வெயிலில் ஓடுவதைப் பார்த்து, எதிரே வந்த ஒருவர், யாராவது தவறிவிட்டார்களா என்று விசாரித்தார். இல்லை என்று கையசைத்துவிட்டு ஓடினார்.

சூளைக்குப் பின்னால் குடிசை இருந்தது. வாசலில் ஒரு கிழவி முதுகைக் காட்டி உட்கார்ந்து சுள்ளி ஒடித்துக்கொண்டிருந்தாள்.

முதுகைப் பார்த்தே தெரிந்தது.

ஞானாபரணம் நின்று மூச்சு வாங்கினார். நிமிர்ந்தார். இருபத்திரண்டு வருடமாக உள்ளே கிடந்த குரலை முழுவதும் எடுத்து வெளியே விட்டார்.

"ஞானப்பூ..."

சூளையில் கல் சுமந்தவர்கள் நின்றார்கள்.

"ஞானப்பூ..."

குடிசைக் கூரையிலிருந்த கோழி இறங்கி ஓடிற்று.

"ஞானப்பூ..."

கிழவி ஒரு சுள்ளியை எடுத்தாள். ஒடித்தாள். பக்கத்தில் அடுக்கினாள்.

பக்கத்துக் குடிசைப் பெண் வெளியே வந்தாள். எதுக்கு இப்படிச் சத்தம் போடுகிறீர்கள், அவளுக்குக் காது கேட்காது என்றாள். எப்போதிருந்து என்று கேட்டார்.

"போன லெந்து வரைக்கும் நல்லாக் கேட்டுச்சு, ஐயா. ஈஸ்டர் கழிஞ்ச மறுவாரம் ஒரு காய்ச்சல் வந்துச்சு. அதோட போச்சு."

போன லெந்திலும், ஈஸ்டர் முடியட்டும் என்று நினைத்தது அவருக்கு நினைவு வந்தது. அதற்கு முந்திய லெந்திலும் அப்படித்தான்.

நிழல் விழுந்ததால் கிழவி திரும்பினாள். கண்ணில் புரை. கையை நெற்றியில் வைத்து அவருடைய உயரத்தை அளப்பதுபோல் பார்த்தாள். முகம் மெல்ல மலர்ந்தது.

"கோர்ட்டுக்கார ஐயாவா?" என்றாள். "என் பேரு வந்துட்டா?"

ஞானாபரணம் அவள் காலில் விழுந்தார். எல்லாவற்றையும் சொன்னார். சுவரைச் சொன்னார், மூப்பரைச் சொன்னார், முப்பது நாளைச் சொன்னார். அவள் அவர் உதடுகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எழுதிக் காட்ட எழுத்தும் அறியாதவள். கோர்ட்டில் கைநாட்டு வைத்தவள். காலில் புண், தொடாதீர்கள் என்று காலை இழுத்துக்கொண்டாள். பிறகு அவர் எதையோ கேட்கிறார் என்று எண்ணி, உள்ளே போய்ச் செம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

அதை அவர் குடித்தார்.

பொழுது சாயத் தொடங்கும்போது ஜெபவீட்டுக்குத் திரும்பி வந்தார். இப்போது கதவு திறந்திருந்தது. ராகேலம்மாளின் எதிரே நின்று நடந்ததைச் சொன்னார். ஒரு வார்த்தையும் விடவில்லை, தண்ணீரையும் சொன்னார்.

"மன்னிப்புக் கேட்டேன், அம்மா. அவளுக்குக் கேக்கலை. இனி எப்பவும் கேக்காது." படியில் உட்கார்ந்தார். "ஆயத்தம் ஆயத்தம்னு ஒரு ஆயுசையே போக்கிட்டேன். இனி நான் எதைச் செய்து என்ன?"

ராகேலம்மாள் ஆறுதல் சொல்லவில்லை. ஆறுதல் கிடைக்கும் என்று அவரும் எதிர்பார்க்கவில்லை.

"அந்த வீட்டுல இப்போ யாரு இருக்கா?"

"மூப்பர் போய்ச் சேந்துட்டார். அவர் மகன் இருக்கார். சபைச் செயலர்."

"அவருக்குக் காது கேக்குமா?"

ஞானாபரணம் நிமிர்ந்து பார்த்தார். "கேக்கும்."

"சபையாருக்கு?"

"கேக்கும்."

"எப்சிபாவுக்கு?"

தலைமை ஆசிரியை நாற்காலியும், அதற்குப் பின்னால் சுவரில் மாட்டியிருந்த மூப்பரின் படமும் அவர் கண்முன் வந்தன. பெண்கள் வரிசையில் இரண்டாவது பெஞ்சில் அவள் உட்காருகிற இடம் வந்தது.

"கேக்கும், அம்மா."

அப்போது ஊர்க்கோயிலில் மணி அடித்தது. லெந்துகால வெள்ளி ஆராதனைக்கு முதல் மணி. ஊர் முழுவதும் வருகிற ஆராதனை. செயலர் முன்வரிசையில் இருப்பார். தம் வாழ்வைப் பற்றிச் சாட்சி சொல்ல விரும்புகிறவர்கள் எழுந்து நிற்கலாம் என்று குருவானவர் கேட்பார். நாற்பது வருடமாகக் கேட்கிறார்கள், ஞானாபரணம் எழுந்ததில்லை.

ராகேலம்மாள் மூலையிலிருந்த அவருடைய குடையை எடுத்து வந்து நீட்டினார்.

"ஞாயித்துக்கிழமை கூட்டம் இன்னும் அதிகமா இருக்கும்" என்று தொடங்கினார் ஞானாபரணம். "ஒரேயடியா எல்லார் முன்னாலயும்..."

அவர் முடிக்கவில்லை. குடை அவர் கைக்கு வந்திருந்தது.

"போன வருஷம் வரைக்கும் அவளுக்குக் காது இருந்துச்சு. உங்களுக்குத் தொண்டை இன்னைக்கு இருக்கு. ரெண்டாம் மணி அடிக்க அரை மணி நேரந்தான், அண்ணாச்சி. வெளிய பாத்துக் கூப்பிடுங்க. போங்க, இன்னைக்கே போங்க."